பயன்படுத்திய அணு எரிபொருள்: குளத்திலிருந்து ரயில் வரை திட்டமிடுவது எப்படி?

அணு உலையிலிருந்து வெளியே எடுத்த எரிபொருளுக்குத் திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் அதை ஆற வைக்கும் குளம், பிறகு அடைத்து வைக்கும் கலன், ஏற்றிச் செல்லும் வண்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, அந்தந்தக் கட்டத்தில் எது மலிவோ அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் பெருஞ்செலவு வந்து சேர்வது இதனால்தான். எரிபொருளைத் தொட்டுக் கையாளும் ஒவ்வொரு முறையும் பணியாளருக்குக் கதிர்வீச்சு, பாரந்தூக்கியின் நேரம், ஆய்வாளரின் நேரம், பிழை நேரும் வாய்ப்பு ஆகிய நான்கும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே கையாளும் தடவைகளைக் குறைத்தால் செலவும் குறையும், ஆபத்தும் குறையும். அதற்கு ஒரே வழி, எரிபொருள் கடைசியில் எங்கே, எந்த வடிவில் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுவதாகும்.

இந்த வழிகாட்டி, உலகில் மிகுதியாக உள்ள, சாதாரண நீரைப் பயன்படுத்தும் இலகு நீர் உலைகளின் எரிபொருளை மையமாகக் கொண்டது. குளத்துக்கு வெளியே, தண்ணீரின்றிக் கலனில் வைக்கும் உலர் சேமிப்பில் நீண்ட அனுபவம் அமெரிக்காவில் இருப்பதால் எடுத்துக்காட்டுகள் பலவும் அங்கிருந்தே வருகின்றன. நம் நாட்டு நிலைமை வேறுபடும் இடங்கள் பின்னால் தனியாகக் கூறப்படுகின்றன.

முதலில் வெப்பக் கணக்கு

உலையை நிறுத்திய கணத்தில், அது இயங்கியபோது தந்த வெப்பத்தில் 6 முதல் 7 சதவீதம் வரை எரிபொருளிலிருந்து தொடர்ந்து வெளிவருகிறது. ஒரு நாளுக்குள் அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஓராண்டு கழிந்தபின் ஒரு டன் எரிபொருள் ஏறத்தாழ 10 கிலோவாட் வெப்பம் தரும். ஐந்தாம் ஆண்டில் அது இரண்டு மூன்று கிலோவாட் அளவுக்கு வரும். பத்தாம் ஆண்டில் 2 கிலோவாட்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். முதல் ஐந்தாண்டுகளில் காத்திருப்பது பெரும் ஆதாயம் தருகிறது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கும் ஆதாயம் சுருங்கிக்கொண்டே போகிறது. குளத்தில் குறைந்தது ஐந்தாண்டு என்று பல நாடுகளில் வழக்கமானதற்கு அடிப்படை இதுதான்.

எரிபொருள் கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய கற்றைகள் எல்லாம் ஒரே மாதிரி ஆறுவதில்லை. ஒரு டன் யுரேனியத்திலிருந்து எவ்வளவு ஆற்றல் எடுக்கப்பட்டது என்னும் எரிப்பளவு 45 கிகாவாட் நாளைத் தாண்டினால், அந்தக் கற்றை மெதுவாக ஆறும். அதன் கம்பிகளை மூடியுள்ள சிர்க்கோனியம் உறையில் ஹைட்ரஜனும் கூடுதலாக ஊறியிருக்கும். எனவே திட்டமிடுபவர் முதலில் கேட்டு வாங்க வேண்டிய ஆவணம், ஒவ்வொரு கற்றையின் வரிசை எண், தொடக்கச் செறிவூட்டல், எரிப்பளவு, உலையிலிருந்து வெளியேறிய நாள், உறையில் சேதம் உண்டா என்ற விவரம் ஆகியவை அடங்கிய பட்டியல். சராசரியை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது.

குளம்

சேமிப்புக் குளம் ஏறத்தாழ 12 மீட்டர் ஆழம் கொண்டது. கற்றைகளுக்கு மேலே சுமார் 7 மீட்டர் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரே குளிர்விப்பான். அதுவே கதிர்வீச்சைத் தடுக்கும் சுவரும் ஆகும். அடுக்குச் சட்டங்களில் நியூட்ரான்களை விழுங்கும் போரான் தகடுகள் பொருத்தப்படுகின்றன. அதனால் கற்றைகளை நெருக்கமாக அடுக்கினாலும் தொடர்வினை தொடங்காது.

இடம் போதாமல் போகும்போது முதலில் தோன்றும் யோசனை, பழைய சட்டங்களை எடுத்துவிட்டு நெருக்கமான சட்டங்களைப் போடுவது. அது மலிவானது, ஒரு தடவைக்குச் சரியானதும்கூட. ஆனால் இரண்டு வரம்புகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலாவது, உலையின் முழு எரிபொருளையும் எப்போது வேண்டுமானாலும் இறக்கி வைப்பதற்கான காலி இடம் குளத்தில் இருந்தாக வேண்டும்; உலர் சேமிப்புக்கான உரிமம், கட்டுமானம், ஒத்திகை எல்லாம் சில ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், இந்த இடம் எந்த ஆண்டில் தீரும் என்று கணக்கிட்டு அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டாவது, புதிதாக இறக்கிய சூடான கற்றைகளை ஒரே மூலையில் குவிக்காமல், ஒவ்வொன்றையும் சுற்றிப் பழைய, ஆறிய கற்றைகள் இருக்குமாறு பரப்பி வைக்க வேண்டும். இதற்குச் செலவு ஏறக்குறைய எதுவுமில்லை. தண்ணீர் வடிந்துவிட்டால் கிடைக்கும் கால அவகாசமோ கணிசமாகக் கூடும்.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா டாயிச்சியின் 4ஆம் உலைக் குளத்தில் 1,535 கற்றைகள் இருந்தன; பராமரிப்புக்காக உலையைக் காலி செய்திருந்ததால் மிகச் சூடான கற்றைகளும் அங்கேயே இருந்தன. அந்தக் குளத்தைப் பற்றி உலகமே கவலைப்பட்டது. அதே வளாகத்தில் உலர் கலன்கள் ஒன்பது ஒரு கட்டடத்தில் நின்றன. ஆழிப்பேரலை அந்தக் கட்டடத்துக்குள் புகுந்தது; கலன்கள் பழுதின்றி இருந்தன. மின்சாரமோ பம்போ தேவைப்படாத ஏற்பாட்டின் மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

கலனைத் தேர்ந்தெடுத்தல்

உலர் சேமிப்புக்கு இரண்டு பெரும் வழிகள் உண்டு. ஒன்று, தடித்த உலோகச் சுவர் கொண்டு போல்ட்டால் மூடப்படும் கலன். ஜெர்மனியின் காஸ்டர் இவ்வகை. ஜப்பானில் 2024 நவம்பரில் இயங்கத் தொடங்கிய முட்சு இடைக்காலச் சேமிப்பகமும் எந்தக் கலனில் எரிபொருள் வந்ததோ அதே கலனிலேயே நிறுத்தி வைக்கும் முறையைப் பின்பற்றுகிறது. மற்றொன்று, மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கலனைப் பற்றவைத்து மூடி, அதைத் தடித்த கான்கிரீட் மேலுறைக்குள் இறக்கும் முறை. அமெரிக்காவில் இதுவே பரவலாக உள்ளது. இரண்டாவது முறையில் ஒவ்வொரு கலனுக்கும் ஆகும் செலவு குறைவு. சேமிப்புக்கு ஒரு மேலுறை, இடமாற்றத்துக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளவும் முடியும், கலனைத் திறக்க வேண்டியதில்லை. முதல் முறையில் விலை கூடுதல். ஆனால் மூடியை ஆய்வு செய்வதும், முத்திரை வளையத்தை மாற்றுவதும் எளிது. எதை எடுத்தாலும், சேமிப்புக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து உரிமம் பெற்ற வடிவமா என்பதை வாங்கும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும். சேமிப்புக்கு மட்டும் உரிமம் பெற்ற கலன், பின்னாளில் மீண்டும் குளத்துக்குத் திரும்ப நேரலாம். அதற்குள் குளமே இடிக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது?

எத்தனை கற்றைகள் கொள்ளும் கலன் என்பதில்தான் ஆசை பெரும்பாலும் வழி தவறச் செய்கிறது. ஒரே கலனில் அழுத்த நீர் உலையின் (இலகு நீர் உலைகளில் ஒரு வகை) 32 அல்லது 37 கற்றைகளை அடைத்தால் கலன்களின் எண்ணிக்கை குறைகிறது, பற்றவைப்பு குறைகிறது, பணியாளர் பெறும் மொத்தக் கதிர்வீச்சும் குறைகிறது. ஆனால் ஸ்வீடனும் பின்லாந்தும் நிலத்தடியில் புதைக்க வடிவமைத்துள்ள செப்புக் கலனைப் பாருங்கள். ஸ்வீடனின் கலன் அழுத்த நீர் உலைக் கற்றைகளில் நான்கை மட்டுமே கொள்ளும். அதன் வெப்பம் 1,700 வாட்டைத் தாண்டக் கூடாது, ஏனெனில் சுற்றியுள்ள பென்டோனைட் களிமண் 100 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும். இப்படிப்பட்ட புதைகுழியை நோக்கிச் செல்லும் எரிபொருளை இன்று 37 கற்றைக் கலனில் பற்றவைத்து மூடினால், ஒருநாள் ஒவ்வொரு கலனையும் அறுத்துத் திறக்க வேண்டிவரும். ஸ்வீடன் அதனாலேயே கற்றைகளை ஆஸ்கர்ஸ்ஹாம்னில் 30 மீட்டர் ஆழத்தில் உள்ள கிளாப் என்ற பொதுக் குளத்தில், 1985 முதல், திறந்த நிலையில் வைத்திருக்கிறது. புதைகுழி எது என்று தெரிந்த நாட்டுக்கு அது சிக்கனம். தெரியாத நாட்டுக்குப் பெரிய கலன் சிக்கனம் போலத் தோன்றும்.

பாரந்தூக்கியின் திறனையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். தண்ணீரோடும் எரிபொருளோடும் இடமாற்ற மேலுறை 100 டன்னைத் தாண்டும். பழைய கட்டடங்களில் பாரந்தூக்கி அதைத் தாங்காது என்று கலன் வந்து இறங்கிய பிறகு தெரிந்தால், ஒப்பந்தம் முழுவதையும் திருத்தி எழுத வேண்டியதுதான்.

நிரப்பும் நாள்

வெற்றுக் கலனை இடமாற்ற மேலுறைக்குள் வைத்து இரண்டையும் சேர்த்துக் குளத்துக்குள் இறக்குகிறார்கள். கற்றைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு அடியிலேயே உள்ளே போகின்றன. எந்தக் கற்றை எந்த அறைக்கு என்ற வரைபடம் முன்கூட்டியே தயாராக இருக்கும்; சூடானவை நடுவிலும் ஆறியவை விளிம்பிலும் வருமாறு அமைத்தால், விளிம்புக் கற்றைகளே நடுவிலிருப்பவற்றின் கதிர்வீச்சைத் தடுக்கின்றன. ஒவ்வொரு கற்றையின் தலைப்பகுதியில் உள்ள எண்ணையும் நீரடிக் கேமராவில் ஒருவர் படிக்க வேண்டும். மூடி வைக்கும் முன் வேறொருவர், முதலாமவரின் தாளைப் பார்க்காமல், மறுபடி படித்து ஒப்பிட வேண்டும். இந்த இரண்டாவது வாசிப்பைச் சடங்காக நடத்தும் இடங்களில்தான் தவறான கற்றை உள்ளே போகிறது.

மூடியை நீருக்கடியிலேயே பொருத்தி, கலனை மேலே தூக்கி, தண்ணீரைச் சிறிது இறக்கிவிட்டுப் பற்றவைப்பு தொடங்கும். இங்கே ஒரு பழைய பாடம் உண்டு. 1996 மே 28 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள பாயிண்ட் பீச் அணுமின் நிலையத்தில், கலனின் உட்பூச்சில் இருந்த துத்தநாகம் போரான் கலந்த அமில நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிட்டது. மூடிக்கு அடியில் சேர்ந்திருந்த அந்த வாயு, பற்றவைப்புப் பொறியில் தீப்பற்றியது. டன் கணக்கில் எடையுள்ள மூடி எம்பிச் சாய்ந்தது. எவருக்கும் காயமில்லை, எரிபொருளுக்கும் சேதமில்லை. அன்று முதல், கலனுக்குள் போகும் ஒவ்வொரு பூச்சும் ஒவ்வொரு உலோகமும் குள நீரோடு எப்படி வினைபுரியும் என்று முன்பே ஆராய வேண்டும், பற்றவைக்கும்போது மூடிக்கு அடியில் ஹைட்ரஜனை அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்பவை கட்டாயமாகின.

அடுத்தது உலர்த்தல். இதில் அவசரப்படுவது பிற்காலத்துக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். கலனுக்குள் எஞ்சும் ஈரம் காலப்போக்கில் அரிப்பையும் வாயுவையும் உண்டாக்கும். வெற்றிடப் பம்பால் உறிஞ்சி, பிறகு பம்பைத் துண்டித்துவிட்டு, உள்ளழுத்தம் 3 டாருக்கு மேல் ஏறாமல் 30 நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. அது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு. நிற்கவில்லை என்றால் எங்கோ தண்ணீர் இருக்கிறது. அதேவேளையில் வெற்றிடத்தில் வெப்பம் வெளியேறாததால் எரிபொருள் சூடாகிக்கொண்டே போகும். உறையின் வெப்பநிலை 400 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால், உறைக்குள் ஊறிய ஹைட்ரஜன் கரைந்து, பின்னர் ஆறும்போது உறையை நொறுங்கச் செய்யும் திசையில் படியலாம். மிகச் சூடான கலன்களுக்கு வெற்றிடத்துக்குப் பதிலாகச் சூடான ஹீலியத்தைச் சுழலவிட்டு உலர்த்தும் முறை நல்லது. கருவி விலை கூடினாலும் நேரம் மிஞ்சும். உலர்ந்தபின் ஹீலியம் நிரப்பி, துளைகளை மூடிப் பற்றவைத்து, கசிவு சோதித்து முடிக்க வேண்டும்.

பிறகு கலனைச் சேமிப்பு மேலுறைக்குள் இறக்குவது. பார்வைக்கு எளிய வேலை. 2018 ஆகஸ்ட் 3 அன்று கலிபோர்னியாவின் சான் ஒனோப்ரே அணுமின் நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த கலன், உள்வளையம் ஒன்றின்மீது சிக்கி நின்றது. தூக்கு பட்டைகள் தளர்ந்ததைக் கவனிக்காமல், கலன் தரையைத் தொட்டுவிட்டது என்று எண்ணினார்கள். அடித்தளமோ இன்னும் சுமார் 5.5 மீட்டர் கீழே இருந்தது. கலன் விழவில்லை. ஆனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அதைத் தாங்கியது அந்த வளையம் மட்டுமே. பட்டையில் உள்ள பாரத்தைக் காட்டும் அளவி, அது குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை, கலனை நேரடியாகப் பார்க்கும் கேமரா ஆகிய மூன்றும் இல்லாமல் இறக்கக் கூடாது.

மேடையில் நிற்கும் காலம்

கான்கிரீட் மேலுறையின் அடியில் காற்று புகும் துளைகளும் மேலே வெளியேறும் துளைகளும் உள்ளன. சூடான காற்று மேலெழும் இயல்பு ஒன்றே குளிர்விப்பு. ஆகவே நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை மிக எளியது: துளைகளை இலை, பறவைக்கூடு, பனி, வெள்ள நீர் எதுவும் அடைக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது, அல்லது வெளியேறும் காற்றின் வெப்பநிலையைப் பதிவு செய்வது. நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை, 2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவில் 5.8 அளவில் நிலம் குலுங்கியபோது அங்குள்ள நார்த் அன்னா அணுமின் நிலையத்தில் 100 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள கலன்கள் மேடையில் அதிகபட்சம் 4.5 அங்குலம் நகர்ந்தன, கசிவில்லை.

எனக்குக் கூடுதல் கவலை தருவது உப்பு. கடலோரக் காற்றில் உள்ள குளோரைடு, துருப்பிடிக்காத எஃகின் பற்றவைப்பு ஓரங்களில் படிந்து ஈரமானால், இழுவிசை உள்ள இடத்தில் நுண்விரிசல் தொடங்கலாம். கலன் சூடாக உள்ளவரை உப்பு ஈரமாகாது; ஆறிய பிறகே தொடங்கும். அதாவது எல்லோரும் மறந்துபோன காலத்தில். கடலோர நிலையங்கள் தொடக்கத்திலேயே குளோரைடைத் தாங்கும் எஃகு ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பற்றவைப்புகளில் மேற்பரப்பு அழுத்தத்தை உண்டாக்கும் அடித்தல் முறையையும் செய்துகொள்ள வேண்டும். பிற்காலத்தில் துளை வழியே கேமராவை அனுப்பிப் பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

போக்குவரத்து

சேமிப்பு மேலுறைக்குக் காற்றுத் துளை உண்டு. போக்குவரத்து மேலுறைக்கு இல்லை. அதனால் சேமிக்கத் தகுந்த வெப்பம் கொண்ட கலன், ஏற்றி அனுப்பத் தகுந்ததாக இருக்க வேண்டியதில்லை. குளத்தைச் சீக்கிரம் காலி செய்யச் சூடாக நிரப்பினால், அந்தக் கலன் புறப்படப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கலனுக்கும் அது ஏற்றி அனுப்பத் தகுதி பெறும் ஆண்டை நிரப்பும் நாளிலேயே கணக்கிட்டுக் குறித்துவைப்பது நல்ல பழக்கம்.

போக்குவரத்துக் கலனின் வடிவம் சர்வதேச அணுசக்தி முகமையின் விதிகளைச் சந்திக்க வேண்டும்: 9 மீட்டரிலிருந்து வளையாத தளத்தில் வீழ்ச்சி, 1 மீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டின்மீது வீழ்ச்சி, 800 டிகிரித் தீயில் 30 நிமிடம், பிறகு நீரில் மூழ்கல். வண்டியிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்றால் கதிர்வீச்சு மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 1984 ஜூலை 17 அன்று பிரிட்டனில் மணிக்கு 100 மைல் வேகத்தில் ஒரு ரயிலையே கலன்மீது மோதவிட்டுக் காட்டினார்கள்; எஞ்சின் நொறுங்கியது, கலன் நின்றது. பொதுமக்களுக்கு அது பயன்பட்டது. பொறியாளருக்கு 9 மீட்டர் வீழ்ச்சியே கடுமையான சோதனை.

நடைமுறையில் போக்குவரத்தை நிறுத்தியது மோதல் அல்ல, அழுக்கு. 1998 மே மாதம் ஜெர்மனியின் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஏங்கெலா மெர்க்கெல் எரிபொருள் போக்குவரத்தை நிறுத்தினார். காரணம், கலன்களின் வெளிப்பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கெரல் என்ற வரம்பைத் தாண்டிய கதிரியக்கப் படிவு கண்டறியப்பட்டு, அது உரியவர்களுக்குச் சொல்லப்படாமலும் இருந்தது. மக்களின் உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்தில்லாத அளவே அது. ஆனாலும் போக்குவரத்து மீண்டும் தொடங்க 2001 ஆனது. குளத்தில் மூழ்கிய கலனின் நுண்துளைகளில் ஒளிந்த கதிரியக்கம் பயணத்தின்போது மேற்பரப்புக்கு வருவது தெரிந்த இயல்புதான். கலனுக்கு வெளியே உறை போட்டு, இடைவெளியில் தூய நீரைச் செலுத்தியபடியே குளத்தில் இறக்குங்கள்; புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துடைத்து அளந்து, முடிவு எதுவானாலும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

சாலை லாரியில் ஒரு தடவைக்கு ஓரிரு டன் எரிபொருளுக்கு மேல் கொண்டுபோக முடியாது. ரயிலில் ஒரே கலனில் 30க்கு மேற்பட்ட கற்றைகள் போகும். ரயில் இணைப்பு இல்லாத இடத்தில், அருகிலுள்ள பாதைவரை கனரக இழுவண்டியில் கொண்டு செல்வது லாரிப் பயணங்களைப் பெருக்குவதைவிடச் சிக்கனம். கடலோர நிலையங்களுக்குக் கப்பல் எல்லாவற்றையும்விடச் சிறந்தது; ஸ்வீடனின் சிக்ரிட் கப்பல் அந்த வேலைக்கென்றே கட்டப்பட்டது.

பணம் எங்கே போகிறது

அமெரிக்காவின் மெய்ன் யாங்கி அணுமின் நிலையம் 1997இல் நிரந்தரமாக மூடப்பட்டு, 2005இல் இடித்து முடிக்கப்பட்டது. எஞ்சியவை 64 கலன்கள். அவற்றைக் காவல் காக்கவும் பராமரிக்கவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி டாலர் ஆகிறது. கலன்கள் 64 ஆனாலும் 30 ஆனாலும் வேலி, காவலர், உரிமக் கட்டணம் ஆகியவை அநேகமாக அதேதான். ஆகவே மூடிய நிலையங்களின் எரிபொருளை ஒரே இடத்தில் சேர்ப்பது உண்மையான சேமிப்பு. காவலர்கள் எப்படியும் இருக்கும் இயங்கும் நிலையத்திலிருந்து எடுத்துப் போவதில் சேமிப்பு சொற்பம், கையாளும் தடவை மட்டும் கூடும். முதலில் மூடியவற்றை அனுப்புங்கள். அமெரிக்க அரசு 1998 ஜனவரி 31 முதல் எரிபொருளை எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்து, எடுக்காமல் போனதால் மின் நிறுவனங்களுக்கு 1,000 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தந்திருக்கிறது. தேதி போட்ட வாக்குறுதியை நம்பிச் சேமிப்பு மேடையின் அளவைக் குறைக்காதீர்கள்.

நம் ஊர் நிலைமை

கல்பாக்கத்தில் உள்ள கனநீர் உலைகளின் கற்றை அரை மீட்டர் நீளமே. எரிப்பளவு இலகு நீர் உலைகளினதில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். அதனால் ஒரு டன்னுக்கு வெப்பம் குறைவு, ஆனால் டன்கள் அதிகம். வெப்பத்தைவிட இடமும் எண்ணிக்கையுமே கணக்கை முடிவு செய்கின்றன. இந்தியா பயன்படுத்திய எரிபொருளைப் புளூட்டோனியத்துக்கான மூலப்பொருளாகக் கருதுவதால், திறக்க முடியாதபடி பெரிய கலனில் அடைப்பது இங்கே பொருந்தாது. அந்தப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் மறுசுழற்சி ஆலை அதே வளாகத்தில் இருப்பது கல்பாக்கத்தின் பெரும் சிக்கனம். கூடங்குளத்தின் அறுகோணக் கற்றைகளுக்கோ அருகில் அப்படி ஆலை இல்லை. உலைக்கு வெளியே சேமிப்பகம் அமைக்க 2013 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஐந்தாண்டு தந்தது. 2018இல் அது 2022 ஏப்ரல் வரை நீட்டிக்கப்பட்டது. அங்கு எந்த முறை வந்தாலும், மக்கள் கருத்துக் கேட்புக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை மூன்று: குளத்தில் முழு உலை இறக்கத்துக்கு இடம் எந்த ஆண்டு வரை உள்ளது, கலன் போக்குவரத்துக்கும் உரிமம் பெற்றதா, கடலோர உப்புக்கு என்ன ஏற்பாடு.

ஆவணங்கள்

ஒரு கலனை நிரப்பியவர்கள் ஓய்வு பெற்று, அந்த நிறுவனமும் பெயர் மாறிய பிறகுதான் யாரோ ஒருவர் அதைத் திறக்கவோ ஏற்றவோ வருவார். அவருக்குத் தேவைப்படுவது: அறை வாரியாகக் கற்றைகளின் வரைபடமும் அந்த இரண்டாவது வாசிப்பின் கேமராப் பதிவும், எஃகு உருக்கிய தொகுதியின் எண், ஒவ்வொரு பற்றவைப்பின் சோதனைத் தாள், உலர்த்திய அழுத்தத்தின் பதிவு, நிரப்பிய ஹீலியத்தின் அளவு, ஏற்றி அனுப்பத் தகுதி பெறும் ஆண்டு. இவற்றை அச்சுத் தாளிலும் மின்கோப்பிலுமாக, வெவ்வேறு ஊர்களில் இரண்டு படிகள் வைத்து, கோப்பின் வடிவம் பழையதாகும்போது புதியதற்கு மாற்றும் பொறுப்பை ஒரு பதவியின் பெயரில் எழுதிவைக்க வேண்டும்.